ரோசமண்டின் குறுக்கு வரிகள்

சிட்னிக்கு மேற்கே பாதர்ஸ்ட் ஊரிலிருந்து இரண்டு நாள் மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி வந்ததில் தபிதா லாரிங்குக்குத் தன் இடுப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்றே தெரியவில்லை. பிப்ரவரி மாதத்து உச்சி வெயில். மேற்கே எங்கேயோ காடு பற்றிக்கொண்டு வானமெல்லாம் பழுப்பாகக் கிடந்தது. அந்த வருஷம், ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதில், எங்கள் பக்கம் மழை என்ற பேச்சே இல்லை. ஆறே குட்டை குட்டையாக வற்றிவிட்டது.

ஜோசையா ஹார்க்னெஸின் வீடு ஆட்டுப் பட்டிகளுக்குக் கீழே, சரிவில் இருந்தது. கல் வீடு, மரப்பலகைக் கூரை, சுற்றிலும் யூகலிப்டஸ். வாசலில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். அவள் தலையில் அங்கங்கே முடி கொட்டி மண்டை தெரிந்தது.

"நீதானே வின்னி? நான் உன் சித்தி" என்று சொல்லி, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய கடிதத்தைத் தபிதா நீட்டினாள். குழந்தை அதை வாங்கிப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தது.

"இதுல ஒண்ணுமே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

பின்னால் வந்த வீட்டு வேலைக்காரி, ஐரிஷ்காரி மிஸஸ் டூலன், இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அது அப்படித்தான் மிஸ். அம்மா மடியில உக்காந்து படிச்ச புள்ள. கோணலாத்தான் படிக்கும். உள்ள வாங்க, இந்த வெயில்ல நின்னா மூளை உருகிடும்."

லாரிங் குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் சஃபோக் பக்கம் அவர்களைத் தெரியாத ஆள் கிடையாது. அம்மா நீதிக்கதை எழுதுவாள். மூத்தவள் அகஸ்டா கவிதை எழுதுவாள். அப்பா உயிரோடு இருந்தவரை பத்திரிகை நடத்தினார். நடுப்பெண் ரோசமண்ட் ஆட்டுப்பண்ணைக்காரனைக் கட்டிக்கொண்டு எங்கள் தேசத்துக்குக் கப்பலேறியபோது, எழுத்துக் குடும்பத்துக்கு ஒரு தலைவலி விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவள் எழுதிய கடிதங்கள் இருக்கின்றனவே! கிளிக்கூட்டம், மஞ்சள் பூத்த வாட்டில் மரங்கள், அவள் தொப்பியைத் தின்ற ஆடு என்று அத்தனை வேடிக்கையும் அதில் இருந்தது. அம்மா அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டாள், மூன்று பதிப்பு ஓடிவிட்டது.

கடைக்குட்டி தபிதா மட்டும் எதுவும் எழுதவில்லை. அக்காவின் கடிதங்களை அச்சுக்கு நகலெடுத்தது அவள்தான். ஒன்பது வருஷமாக அதுதான் அவள் வேலை.

கடிதம் எழுதுகிற வழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். தபால் கட்டணம் எடைக்கு. அதனால் ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை எழுதி நிரப்பிவிட்டு, அதே தாளைக் கால் வட்டம் திருப்பி, எழுதின வரிகளுக்குக் குறுக்கே மறுபடி எழுதுவார்கள். பார்ப்பதற்குக் கூடை முடைந்தது போல இருக்கும். பழகிய கண்ணுக்கு இரண்டும் தெளிவாகத் தெரியும். லாரிங் வீட்டில் அம்மா ஒரு விதி வைத்திருந்தாள். நேர் வரி புத்தகத்துக்கு. குறுக்கு வரி வீட்டுச் சங்கதி, பல்வலி, வேலைக்காரி தொல்லை, அதெல்லாம் வாசகனுக்கு எதற்கு? தபிதா நேர் வரியை மட்டும் நகலெடுத்துவிட்டுக் கடிதத்தை அம்மா மேஜையில் வைத்துவிடுவாள். அம்மா படிப்பாள் என்று நினைத்தாள். அம்மாவுக்கோ கண் மங்கல், பெண்கள் படித்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அகஸ்டா தன் கவிதையைத் தவிர வேறெதையும் படிக்கிறவள் இல்லை.

இப்போது ரோசமண்ட் செத்து எட்டு மாதம். அவளுடைய இரண்டு பையன்களும் அவளுக்கு முன்னாலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தான். இரண்டாம் பாகத்துக்கு மிச்சக் காகிதங்களை அள்ளிக்கொண்டு வா என்று அம்மா தபிதாவைக் கப்பலேற்றிவிட்டாள். தேதிகளையும் பெயர்களையும் மாப்பிள்ளையிடம் கேட்டுச் சரிபார்க்கப் பழைய கடிதங்களும் பெட்டியில் கூடவே வந்தன.

ரோசமண்டின் அறையைத்தான் தபிதாவுக்குக் கொடுத்தார்கள். ஜன்னலோரம் மேஜை, அதன்மேல் மைக்கூடு. வாட்டில் மரப்பட்டையை இரும்பாணியோடு ஊறவைத்து அவளே காய்ச்சிய மை. அறைக்குள் காலை வைத்ததும் அந்த வாசனைதான், துருவும் ஈரப்பட்டையும் கலந்த வாசனை. தபிதா மைக்கூட்டைச் சாய்த்துப் பார்த்தாள். மை தளும்பியது.

"இந்த வெயில்ல ஒரு மணி நேரத்துல காஞ்சிடுமே. நீங்க ஊத்தி வெச்சீங்களா?"

மிஸஸ் டூலன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. "நான் ஏன் ஊத்தறேன்? எனக்கு என் பேரையே எழுத வராது" என்றாள். கொஞ்சம் தயங்கி, "தினமும் அப்படித்தான் இருக்கு மிஸ். நான் பாக்கறதை விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் நான்கு மணிக்குத் தபிதா அம்மாவுக்கு முதல் கடிதம் எழுதினாள். பிரயாணம் சௌக்கியம், வீடு வசதி, குழந்தை கொஞ்சம் மெலிவு. ஒரு பக்கம் எழுதி முடித்துத் தேநீர் குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது அறையில் வெயில் அப்படியே இருந்தது. தாள் வைத்த இடத்தில் இருந்தது.

ஆனால் கால் வட்டம் திரும்பியிருந்தது.

அவள் எழுத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு வரி, பழுப்பு மையில், இன்னும் காயாமல்.

"திருப்பிப் படி, தபிதா."

அந்தக் கையெழுத்தை அவளுக்குத் தெரியாதா? ஒன்பது வருஷம் நகலெடுத்த கையெழுத்து. ஆனாலும் மனசு ஒப்புமா? குழந்தையின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு வின்னியைத் தேடிப் போனாள். வின்னி சமையலறையில் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆட்டிறைச்சியைத் தொடவில்லை, தம்ளரில் தண்ணீர் நிரம்பியபடி இருந்தது.

"வின்னி, உனக்கு எழுத வருமா?"

"வராது. படிக்கத்தான் வரும்."

தபிதா அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி தடித்துக் காய்ந்திருந்தது. ஆறு வயசுக் கை அப்படி இருக்குமா?

"தண்ணி குடிம்மா."

"குடிச்சா வயிறு எரியுது" என்றது குழந்தை. பிறகு அழுக்கு மேஜைத் துணியைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பி, அதில் எதையோ படிப்பது போலக் குனிந்து, மெல்லச் சொன்னது. "நீ இன்னும் படிக்கலைன்னு அம்மா சொல்றா."

துணியில் ஒன்றும் இல்லை. எண்ணெய்க் கறைதான்.

தபிதா ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கட்டை அவிழ்த்தாள். ஒன்பது வருஷத்துக் கடிதங்கள், ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்கு மனப்பாடம். அவற்றில் ஒன்றை எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, கால் வட்டம் திருப்பினாள்.

ஆடு தொப்பியைத் தின்ற கடிதம் அது.

"பெரியவன் ஆர்தருக்கு வயிற்றுவலி விட்டபாடில்லை. முடி கொட்டுகிறது. டாக்டர் மாமாவிடம் கேட்டு உடனே எழுது" என்று குறுக்கே இருந்தது.

அடுத்தது. "மேட்டில் ஆட்டுச் சொறிக்கு மருந்துக்குழி வெட்டியிருக்கிறார். வெள்ளைப் பாஷாணத்தைக் கரைத்து மந்தையையே அதில் முக்கி எடுக்கிறார்கள். குழி வெட்டின வருஷம்தான் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு ருசி வந்தது. பாஷாணம் கீழே கிணற்றுக்குள் இறங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. மாமாவிடம் கேட்டாயா?"

அடுத்தது. "ஆர்தர் போய்விட்டான்."

அடுத்தது. "சின்னவன் ஹியூவுக்கும் அதே மாதிரி. அவரிடம் சொன்னேன். நீ கதைக்காரக் குடும்பத்துப் பெண், கற்பனை ஓடுகிறது என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் நம்புவார். தபிதா, நீதானே இதையெல்லாம் படிக்கிறாய்? படித்துவிட்டுத்தானே பதில் போடுகிறாய்? ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை?"

அந்த முதல் கடிதத்துக்குத் தான் போட்ட பதில் தபிதாவுக்கு ஞாபகம் வந்தது. தொப்பி தின்ற ஆட்டைப் படித்து வீடே சிரித்தது, இன்னும் இது போல எழுது அக்கா என்று எழுதியிருந்தாள். இப்போது வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அக்காவின் பிள்ளைகளை அவள்தான் கொன்றாள் என்று தோன்றியது. அந்த நினைப்பு அதற்குப் பிறகு ஒருநாளும் அவளை முழுசாக விடவில்லை.

கடைசிக் கடிதத்தில் நேர் வரிகள் பாதிப் பக்கம்தான். குறுக்கு வரியின் எழுத்து நடுங்கி நடுங்கி ஓடியது. "நான் பிழைக்க மாட்டேன். வின்னி மட்டும் இருக்கிறாள். வந்து கூட்டிப் போ. நீ படிக்கிற வரைக்கும் எழுதிக்கொண்டே இருப்பேன்."

முதுகுக்குப் பின்னால் பேனா முள் காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது.

தபிதா திரும்பவில்லை.

சத்தம் நிற்கவும் இல்லை.

"படிச்சிட்டேன் அக்கா" என்றாள் கிசுகிசுப்பாக. "எல்லாம் படிச்சிட்டேன்."

பேனா நின்றது. துருவும் பட்டையும் கலந்த வாசனை அவள் தோள்பட்டைக்கு மிக அருகில் வந்து, கொஞ்ச நேரம் இருந்து, விலகியது.

அன்று முதல் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. மிஸஸ் டூலன் தன் குடிசைக் கூரையிலிருந்து எப்போதோ பிடித்துவைத்த மழைத்தண்ணீர்ப் பீப்பாயைத் திறந்துவிட்டாள். "நான் அந்தக் கிணத்தைத் தொட்டதே இல்ல மிஸ். பீரு இருக்கறப்ப தண்ணி எதுக்கு?" என்று சிரித்தவள், பீப்பாயின் அடியைத் தட்டிப் பார்த்து முகம் சுருங்கினாள். "ஆனா இது மூணு நாளைக்குத்தான் வரும்."

சனிக்கிழமை வின்னியின் அப்பா ஜோசையா மந்தையிலிருந்து வந்தான். நெடிய ஆள், வெயிலில் வெந்த முகம். கெட்டவன் என்று அவனை எங்கள் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. தபிதா எல்லாவற்றையும் சொன்னாள், தானாக வந்த எழுத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவன் ஆட்டிறைச்சியை வெட்டியபடியே கேட்டான்.

"நானும் அதே கிணத்துத் தண்ணிதானே குடிக்கறேன்?"

"நீங்க எங்க குடிக்கறீங்க மிஸ்டர் ஹார்க்னெஸ்? திங்கக்கிழமை குதிரையேறினா சனிக்கிழமைதான் வர்றீங்க. அங்க ஆத்துத் தண்ணி. வீட்டுல இருந்தவங்கதான் குடிச்சாங்க. வீட்டுல இருந்தவங்கதான் போனாங்க" என்றாள் தபிதா.

கத்தி நின்றது.

"ரோசமண்டும் இதேதான் சொன்னா. பொழுது விடிஞ்சா இதே பாட்டு. உங்க வீட்டுல பொறந்தவங்களுக்கு எதுலயும் ஒரு கதை வேணும். இதுல கதை ஒண்ணும் இல்ல. காய்ச்சல் வந்துச்சு, பசங்க போயிட்டாங்க. அவ்வளவுதான்."

"வின்னிய நான் சிட்னிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரே மாசம். டாக்டர்கிட்டக் காட்டிட்டு..."

"என் பொண்ணு எங்கயும் போகாது." கத்தியைத் தட்டில் வைத்தான். "எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிக்கிட்டுப் போகவா கடல் தாண்டி வந்தே?"

சட்டமும் அவன் பக்கம்தான். குழந்தை அப்பாவின் சொத்து, அந்தக் காலத்தில் அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. தபிதா அன்றைக்குப் பீப்பாயை எட்டிப் பார்த்தாள். அடியில் நாலு விரல் ஆழம்தான் இருந்தது. வின்னி முதல் தடவையாக வயிறு வலிக்கவில்லை என்று சொல்லி ரொட்டி கேட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். காற்றே இல்லை. ஈக்கள்கூட அசையாமல் ஜன்னலில் ஒட்டிக்கிடந்தன. ஜோசையா கூடத்து மேஜையில் உட்கார்ந்து பாதர்ஸ்ட் கல்தச்சனுக்குக் கடிதம் எழுதினான். ரோசமண்டின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. பேர், பிறந்த தேதி, இறந்த தேதி, ஒரு நல்ல மனைவி என்று முக்கி முக்கி எழுதிக்கொண்டிருந்தான். தபிதா எதிரில் தையலோடு இருந்தாள். வின்னி அப்பாவின் முழங்கையோரம் வந்து நின்றாள்.

துரு வாசனை வந்தது.

தபிதாவின் ஊசி நின்றுவிட்டது.

"அப்பா, தாளைத் திருப்புங்க" என்றாள் வின்னி.

"போய் விளையாடு கண்ணு."

"திருப்புங்கப்பா. அம்மா எழுதப் போறா."

அவன் சிரிக்கப் பார்த்தான். குழந்தை தானே தன் தடித்த விரல்களால் தாளைத் தள்ளித் திருப்பியது. அவன் எழுத்து இப்போது பக்கவாட்டில் கிடந்தது. ஜன்னல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. வின்னி தாளைப் பார்க்கக்கூட இல்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஜோசையா."

அவள் சொன்ன பிறகுதான் எழுத்து வந்தது. தாளின் விளிம்பில், பழுப்பில், ஈரமாக.

ஜோசையாவின் பேனா கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. எழுத்து அதற்காக நிற்கவில்லை.

"கிணத்து மேடையில் நாம ரெண்டு பேரும் பேர் செதுக்கின நாள் ஞாபகம் இருக்கா" என்றது குழந்தை. ஒவ்வொரு வார்த்தையும் அவள் வாயிலிருந்து விழ விழ, தாளில் ஏறியது. "நீ என்னை நம்பலைன்னு எனக்குக் கோபம் இல்ல."

"ரோசி" என்றான் அவன். அந்தப் பேரை அவன் சொல்லித் தபிதா அதுவரை கேட்டதில்லை.

"நீ நம்பினா பசங்களை நீயே கொன்னதா ஆயிடும். அதான் நம்பலை. எனக்குத் தெரியும்."

அவன் அழுதான். அவ்வளவு பெரிய ஆள், சத்தமில்லாமல் தோள் குலுங்க அழுதான்.

"அப்போ உனக்குத் தெரியாது" என்றாள் வின்னி.

எழுத்து கொஞ்சம் நின்றது. பிறகு தாளையே கிழித்துவிடுவது போல அழுத்தமாக வந்தது.

"இப்போ தெரியும்."

அவ்வளவுதான். வின்னி கண்ணைக் கசக்கினாள், பசிக்குது என்றாள். ஜோசையா தாளைத் தொடப் பயந்து நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான்.

"கூட்டிட்டுப் போ" என்றான் தபிதாவிடம். "இன்னைக்கே. வண்டி பூட்டச் சொல்றேன். இந்த வீட்டுல இனி ஒரு வாய்த் தண்ணி அது குடிக்கக் கூடாது."

"நீங்களும் வாங்களேன்."

"நான் எங்க வர்றது? பசங்க இங்கதான இருக்காங்க." எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, வெயிலில் தலையில் தொப்பிகூட இல்லாமல், மருந்துக்குழியை மூட மேட்டுக்கு ஏறிப் போனான். வண்டி கிளம்பும்போதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மண் விழுகிற சத்தம் மட்டும் ஆற்றுத் திருப்பம் வரை கேட்டது.

சிட்னி டாக்டர் குழந்தையின் கையைப் பார்த்ததுமே, "யார் இதுக்குப் பாஷாணம் குடுத்தது?" என்று கத்தினார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கஷ்டம் என்றார். மூன்று வாரத்தில் வின்னிக்குப் புது முடி அரும்பியது. வேளா வேளைக்குத் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். வாடகை அறையின் ஜன்னலில் நின்று துறைமுகத்துக் கப்பல்களை எண்ணினாள்.

மார்ச் பத்தாம் தேதி, வியாழக்கிழமை, தபிதா அம்மாவுக்கு எழுதினாள். அவள் மனசிலிருந்து எழுதிய முதல் எழுத்து என்றே சொல்லலாம். நேர் வரியே எழுதவில்லை. தாளைத் திருப்பிப் போட்டுக் குறுக்கு வரி மட்டும், ஆர்தரில் ஆரம்பித்து, ஒன்றையும் விடாமல். ஒரே தாள். "இந்தத் தடவை நீங்களே படியுங்கள் அம்மா" என்று முடித்துத் தபால் கப்பலுக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கப்பல் போய்ச் சேர இரண்டரை மாதம். பதில் வர இன்னொரு இரண்டரை. ஆகஸ்டுக்கு முன்னால் எதையும் எதிர்பார்க்க முடியாது.

மே மாதக் கடைசியில் அகஸ்டாவின் கடிதம் வந்தது.

தன் கடிதத்துக்கு முன்னால் எழுதிப்போட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே தபிதா உறையைக் கிழித்தாள். மேலே தேதி மார்ச் பதினொன்று.

"அன்புத் தபிதா, உன் கடிதம் நேற்றுக் காலை கிடைத்தது. தபாலில் போடாமல் ஆள் மூலம் ஏன் அனுப்பினாய்? யார் அந்தப் பெண்? கறுப்புத் திரை போட்டு முகத்தை மூடியிருக்கிறாள். குரல் மட்டும் எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறது. உள்ளே வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். அம்மா படித்து முடிக்கட்டும், அதுவரை நிற்கிறேன் என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அம்மா நேற்றிலிருந்து படித்துக்கொண்டே இருக்கிறாள். சாப்பிடவில்லை, படுக்கவில்லை. ஒரே ஒரு தாள்தானே அம்மா, ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்டேன். அது இன்னும் வந்துகொண்டே இருக்கிறது என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே மழை கொட்டுகிறது, அந்தப் பெண் அசையாமல் நிற்கிறாள். பார்க்கப் பாவமாக இருக்கிறது. அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவிடவா? நீ சொல்வது போலச் செய்கிறேன். உடனே பதில் போடு."

தபிதா தாளை மடியில் வைத்துக்கொண்டு துறைமுகத்தைப் பார்த்தாள். அடுத்த கப்பல் பதினைந்தாம் தேதிதான். அது போய்ச் சேர இரண்டரை மாதம் ஆகும்.